நான்கு மணி நேரம் அணையாத திரை

3-8-2025, ஞாயிறு

இன்றும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போன் செத்துப்போனது. அண்ணன் இஷாக் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு எனக்குத் தள்ளிவிட்ட போன். பின்மூடி பூரி மாதிரி லேசாக உப்பியிருக்கிறது. "அதைக் காதுல வச்சுப் பேசாத, வெடிச்சாலும் வெடிக்கும்" என்கிறான். நான் எங்கே பேசுகிறேன்?

போன வாரம் நர்கீஸ் அக்காவோடு ஒரு கல்யாண வீட்டுக்கு மருதாணி போடப் போனேன். அவள் பக்கத்துத் தெரு, என்னைவிட நாலு வயது மூப்பு. மணப்பெண்ணுக்கு அவள் போடுவாள், சொந்தக்காரப் பெண்களுக்கு நான். போனில் டிசைன் படத்தைத் திறந்து எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத்தான் போடுவோம். பாதி மயில் வந்தபோது என் போன் அணைந்துவிட்டது. எதிர்ச்சுவரிலேயே பிளக் இருந்தது. யாரிடமாவது ஒரு சார்ஜர் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஞாபகத்தில் போட்டேன். கழுத்து குட்டையாகிவிட்டது. அந்தப் பெண் கையைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன, பிராய்லர் கோழியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து மருதாணிக் கோனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அதை விடு. இன்று சாயங்காலம் நர்கீஸ் அக்கா வந்தாள்.

"முப்பதாம் தேதி எனக்குப் பழனியில ஒரு கல்யாணம். அன்னைக்கே மேட்டுப்பட்டியில ஒரு கிறிஸ்தவப் பொண்ணுக்குக் கேக்குறாங்க. லிடியான்னு பேரு. உன்னையச் சொல்லிட்டேன், பர்ஹானா. தனியாப் போயிட்டு வா."

"நானா?"

"இல்ல, உங்க வீட்டுப் பூனை."

மணப்பெண்! இரண்டு கையும், முழங்கை வரைக்கும்! இது நன்றாக வந்தால் இனிமேல் நானும் மணப்பெண்களுக்குப் போடலாம். கெட்டுப்போனால் காலத்துக்கும் சொந்தக்காரப் பெண்கள்தான்.

அத்தா தோல் குடோனிலிருந்து வந்ததும் அம்மாவே சொல்லிவிட்டாள். அத்தா என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்தப் போன் ஆகாதுல்ல? நல்லதா ஒண்ணு பாருங்க" என்றார்.

புதுப் போன்! எனக்கென்று!

5-8-2025, செவ்வாய்

ஆளாளுக்கு ஒரு யோசனை. அண்ணனுக்கு கேம் வேகமாக ஓட வேண்டுமாம். யார் விளையாடப்போவது? அத்தாவுக்கு மணியடித்தால் தெருமுனைக்குக் கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கீழே விழுந்தால் உடையக் கூடாது. நர்கீஸ் அக்கா, "கேமராதான்டி முக்கியம், மத்ததெல்லாம் சும்மா" என்கிறாள்.

எனக்கு என்ன வேண்டும்? பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். திரை நாலு மணி நேரம் அணையாமல் எரிய வேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் கோடு உடையாமல் தெரிய வேண்டும். போட்டு முடித்த கையைப் படம் எடுத்தால் அந்தச் சிவப்பு அதே சிவப்பாக வர வேண்டும்.

அப்புறம், எந்த வீட்டிலும் யாரிடமும் சார்ஜர் கேட்கிற நிலைமை வரக் கூடாது. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

9-8-2025, சனி

வாங்கியாச்சு! வாங்கியாச்சு!

வியாழக்கிழமையே இடது கையில் நெருக்கமாக ஒரு டிசைன் போட்டுக்கொண்டேன். இன்றைக்குள் நன்றாகச் சிவந்துவிடும் என்று கணக்கு. அண்ணனோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் சட்டையில் ஸ்டீபன்ராஜ் என்று பெயர் குத்தியிருந்தது. அவர் அண்ணனிடமே பேசினார். கோர் என்றார், ஜிபி என்றார். நான் ஒவ்வொரு போனாக எடுத்து என் இடது கையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் போன் என் கையை மைதா மாவு பூசிய மாதிரி வெளுப்பாக்கியது. மருதாணி ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் வந்தது. அழகாக்குகிறதாம்! அந்த வசதியை அணைத்தும் ஆரஞ்சு போகவில்லை. இரண்டாவது போனில் நிறம் அப்படியே வந்தது. அப்பளம் மாதிரி மெலிசு, பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் பேட்டரி சின்னது. மூன்றாவது தடி. கையில் வாங்கியதும் கை இறங்கியது. ஆறாயிரம் எம்.ஏ.ஹெச் பேட்டரி. நிறமும் சரியாக இருந்தது.

"செங்கல்லு மாதிரி இருக்கு" என்றான் அண்ணன்.

"இது அமோலெட் திரை தம்பி. கறுப்பு வர்ற எடத்துல வெளிச்சமே எரியாது. அம்புட்டு சார்ஜ் மிச்சம்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

எனக்குள் ஏதோ மணியடித்தது. கேட்டேவிட்டேன்: "அண்ணே, அப்ப படம் வெள்ளையா இருந்தா சார்ஜ் கூடத் தின்னுமா?"

அவர் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "ஆமாம்மா. வெள்ளைன்னா தின்னும்தான்." அப்புறம் என் கையைப் பார்த்தார். "ஓ, நீங்க இதுக்குத்தான் வாங்குறீங்களா? தம்பி, நீ செத்த தள்ளு."

செங்கல்லையே எடுத்துக்கொண்டேன். கரும்பச்சை நிறம்.

10-8-2025, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. போனைத் துடைத்தேன், பார்த்தேன், மறுபடி துடைத்தேன்.

14-8-2025, வியாழன்

நேற்று சோதனை போட்டுப் பார்த்தேன். கோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அட்டையில் முழு டிசைன். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை அணைகிறது. விரலெல்லாம் மருதாணி. மூக்கால் தொட்டேன்.

அம்மா எட்டிப்பார்த்தாள். "என்னடி, போனுக்கு முத்தம் குடுக்குற?"

பிறகு செட்டிங்ஸில் தேடிக் கண்டுபிடித்து, தொடாமல் விட்டாலும் அரை மணி நேரம் அணையாத மாதிரி மாற்றினேன். அப்படியே நாலு மணி நேரம் விட்டதில் பாதி பேட்டரி காலி. வெளிச்சம் முழுசாக இருந்தது, படமும் வெள்ளைத் தாளில் போட்டது. இன்று படத்தின் நிறத்தைத் தலைகீழாக மாற்றினேன். கறுப்பில் வெள்ளைக் கோடு. கோடு இன்னும் தெளிவு! வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். திரை வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக ஒரு வேகம் இருக்கிறது, அதையும் குறைத்தேன். அசையாத மயிலுக்கு எதற்கு வேகம்? பின்னால் ஓடுகிற ஆப்புகளை எல்லாம் நிறுத்தினேன். நாலு மணி நேரத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை!

கத்த வேண்டும் போல இருந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன்.

எண்பதில் சார்ஜ் நின்றுகொள்ளவும் ஒரு வசதி இருக்கிறது. அதையும் போட்டுவிட்டேன். பேட்டரி நாள்பட உழைக்குமாம். விசேஷ நாளில் மட்டும் நூறு.

20-8-2025, புதன்

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. திரையில் மருதாணிப் படம் மறைந்து நம்பர் எழும்பியது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அம்மாவிடம் கொடுத்தேன்.

லிடியாவின் அம்மா ஜெயமேரி. முப்பதாம் தேதி சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொன்னார்களாம். டிசைன் படங்களை லிடியாவுக்கு அனுப்பச் சொன்னார்களாம்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா. அவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபோது நான் ஒன்பதாவதோடு நின்றேன். அவள் எழுந்து நடந்த பிறகு "மறுபடி போறியா?" என்று கேட்டாள். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டுமே — அதை நினைத்தே வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு இது தெரியாது.

ஐந்து டிசைன் அனுப்பினேன். லிடியா அக்கா நாலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அதைத்தான் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குத் தெரியும்!

28-8-2025, வியாழன்

சனிக்கிழமை மேட்டுப்பட்டி பக்கம் மாதாந்திர மின்தடையாம். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. நர்கீஸ் அக்கா பதறிக்கொண்டு வந்து சொன்னாள். நான் சிரித்தேன். கரண்டு இல்லாவிட்டால் என்ன? என்னிடம்தான் செங்கல் இருக்கிறதே!

29-8-2025, வெள்ளி

நூறு சதவீதம். ஏரோப்ளேன் மோடில் போட்டு, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று. சிக்னலைத் தேடித் தேடி வீணாகிற சார்ஜும் மிச்சம். படத்தின் குறுக்கே யார் நம்பரும் எழும்பாது. நாளை! நாளை!

31-8-2025, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கை இன்னும் வலிக்கிறது.

அண்ணன் என்னை மேட்டுப்பட்டியில் தெருமுனையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். லிடியா அக்கா வீட்டுக் கேட்டில் பூட்டு. கல்யாண வீட்டில் பூட்டா? நாள் மாறிவிட்டதா? வீடு தப்பா? நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டம்மாதான் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மெஹந்தி போடுற புள்ளையா? அவங்கெல்லாம் காலையிலயே ஆத்தூருக்குப் போயிட்டாங்களே, பொண்ணோட சித்தப்பா வீட்டுக்கு. கரண்டு இல்லாம வேர்த்துக் கொட்டுனா மெஹந்தி எங்கிட்டுக் காயும்? உனக்கு அம்புட்டு போன் அடிச்சாங்களே!"

போனை எடுத்து ஏரோப்ளேன் மோடை நீக்கினேன். தவறிய அழைப்பு மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மேலே ஓரத்தில் தொண்ணூற்றொன்பது சதவீதம். ஐயோ, இம்புட்டு சார்ஜை வச்சுக்கிட்டு என்னடி பண்ணுன? யாருக்காக மிச்சம் புடிச்ச?

அம்மாவை அழைத்தேன். "நீ அவங்ககிட்டப் பேசும்மா" என்றேன்.

"பேசுறேன். பெறகு அங்க வந்து மருதாணியும் நானே போடவா?" வைத்துவிட்டாள்.

அழைத்தேன். நானே, ஜெயமேரி அம்மாவை.

"யாரு?"

"மெஹந்தி... பர்ஹானா."

"ஏம்மா, விடிஞ்சதுல இருந்து அடிக்கிறோம், ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னே வருது! இப்படியா பொறுப்பில்லாம இருக்குறது? சின்னாளபட்டியில வேற புள்ளைக்குச் சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்கு."

சார்ஜ் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் போனைப் பற்றி அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

"சார்ஜ் இருக்குங்க. நெறைய இருக்கு. மிச்சம் புடிக்கலாம்னு ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டேன். போன் வந்தா பேசவும் எனக்குப் பயம். அதனாலயும்தான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அடியே லிடியா, இந்தப் புள்ள போனை ஏரோப்ளேன்ல ஏத்தி விட்டுருச்சாம்டி!"

லிடியா அக்கா போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "எங்க போயிட்டு வந்துச்சு உன் போனு? துபாயா?"

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "அக்கா, இப்ப பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல வந்துருவேன். அந்தக்கா மத்தவங்களுக்குப் போடட்டும். உங்க கைக்கு நான் போடுறேன். உங்க டிசைனைத் தெனமும் போட்டுப் பழகியிருக்கேன். வேற யாரும் அதைப் போட வேணாம்க்கா."

போனில் நான் இதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"வா" என்றாள். "ஆனா போன் போட்டா எடு."

பஸ்ஸில் மூன்று முறை அழைத்தார்கள். மூன்று முறையும் எடுத்தேன்! எங்கே இறங்க வேண்டும், எந்தச் சந்து, வாசலில் என்ன கலர் வண்டி நிற்கும் — எல்லாம் கேட்டேன்.

உள்ளே போனபோது சின்னாளபட்டிப் பெண் ஏற்கெனவே வந்து யாரோ ஒருவர் கைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். லிடியா அக்கா நடுக்கூடத்தில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காட்டவே மாட்டேங்குறா. அம்புட்டுப் பிடிவாதம். நீ வர்ற வரைக்கும் யாரையும் தொட விடல" என்றார் ஜெயமேரி அம்மா.

போனைச் சாய்த்து வைத்தேன். கறுப்பில் வெள்ளைக் கோடு. முதல் வட்டம் போட்டேன்.

படத்தின் குறுக்கே அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. பழனியிலிருந்து நர்கீஸ் அக்கா, அண்ணன், அத்தா. என் விரலெல்லாம் மருதாணி. ஜெயமேரி அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். "யாரு, அத்தாவா? புள்ள வேலையா இருக்கு. சாப்டுருச்சு, கவலப்படாதீங்க." நான் சாப்பிட்டிருக்கவில்லை. உடனே ஊட்டிவிட்டார்கள். தயிர்ச் சோறு.

இரண்டாவது கை பாதியில் இருக்கும்போது சின்னாளபட்டிப் பெண்ணைப் பார்த்தேன். கோன் அந்தரத்தில் நிற்கிறது. போன் அணைந்து கிடக்கிறது. சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள், வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. அந்தக் கூடத்தில் என்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"ஜெயமேரி அம்மா," என்றேன், கூடத்துக்கே கேட்கும்படி, "இந்தக்காவுக்கு ஒரு சார்ஜர் குடுங்களேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை!

முடித்தபோது மணி ஐந்து. மீதி ஐம்பத்தெட்டு சதவீதம். எவ்வளவு இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

2-9-2025, செவ்வாய்

லிடியா அக்கா கல்யாணப் படம் அனுப்பியிருக்கிறாள். மாதா கோயில் வாசலில், கையில் பூச்செண்டு. மருதாணி கருஞ்சிவப்பு. கீழே எழுதியிருக்கிறாள்: "எல்லாரும் உன் நம்பர் கேட்கிறார்கள். கொடுக்கட்டுமா?"

கொடுங்கள் என்று அனுப்பினேன். யோசிக்கவே இல்லை.

13-9-2025, சனி

காலையிலிருந்து அழைப்புகள்தான். வடமதுரையிலிருந்து ஒரு மணப்பெண்ணின் மாமி. பிறகு மணப்பெண்ணே. லிடியா அக்காவின் நாத்தனார். சின்னாளபட்டி அக்கா — அவள் பெயர் ஆனந்தமேரி — முக்கால் மணி நேரம் பேசினாள், அதில் பாதி நான்தான். எந்தக் கோன் போட்டால் கை நன்றாகச் சிவக்கும் என்று கேட்டு நானே ஒரு கடைக்கு அழைத்தேன்.

"அந்தச் செங்கல்லையும் தீத்துட்டியா?" என்கிறான் அண்ணன்.

மணி நாலுகூட ஆகவில்லை. மீதி மூன்று சதவீதம். இன்று ஒரு டிசைன் படம்கூடத் திறக்கவில்லை.