பாதி யூரியா

பிப்ரவரி 10, 2025
மக்காச்சோளம் விதைத்து இன்றோடு இருபத்தைந்து நாள். ஊரில் ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போடும் இடத்தில் எனக்கு மொத்தமே ஒன்றரைதான், அதில் பாதியை இன்று போட்டேன். மார்கழியில் ஆட்டுக்கிடை போட்ட நிலம், மண் பரிசோதனையில் தழைச்சத்து போதுமான அளவு இருக்கிறது, பாதி போதும், அதையும் ரெண்டு தடவையாகப் பிரித்துப் போடு என்றார்கள் காந்திகிராமத்து உழவர் பயிற்சியில். தண்ணீரும் ஒரு சால் விட்டு ஒரு சால். அடுத்த முறை, விட்ட சாலுக்குப் பாய்ச்ச வேண்டும்.

பக்கத்து வயலில் நாகஜோதி அக்கா, என் ஓரகத்தி, பார்த்துக்கொண்டே இருந்தாள். பாகப்பிரிவினையில் வரப்புக்குச் சண்டை போட்டுப் பேச்சு நின்று ரெண்டு வருஷம். கிணறு மட்டும் பொது. ஒருநாள் அவள் முறை, ஒருநாள் என் முறை.

பிப்ரவரி 24
திருப்பூரிலிருந்து இவர் வீடியோவில் வயலைப் பார்த்தார். "என்னடி இம்புட்டு வெளுத்துக் கெடக்கு? அண்ணி வயல பாரு, கருகருன்னு நிக்கிது."

மனசு கேக்கல. ஒரு மூட்டையை வரப்பு வரைக்கும் தூக்கிப் போனேன். குனிந்து பார்த்தேன் — அடி இலையின் நுனி மஞ்சளாகவில்லை. பசி இல்லாத செடிக்கு எதற்குச் சோறு? திரும்பச் சுமந்து வந்தேன். இடுப்பு வலி.

மார்ச் 2
நாற்பத்தைந்தாம் நாள். மிச்ச உரம் வைத்தாயிற்று.

மார்ச் 14
கிணறு இறங்கிவிட்டது. மோட்டார் ரெண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. கதிரில் நூல் விடும் நேரம், இப்போது காய்ந்தால் மணி பிடிக்காது. காலை பத்து மணிக்கே அக்கா பயிர் இலை சுருட்டிவிட்டது. அம்புட்டு உரம் தின்று தழைத்த பயிர், தண்ணீரும் அம்புட்டு கேட்கிறது. என் பயிர் விறைப்பாக நிற்கிறது.

இன்று என் முறை. அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கேட்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

"அக்கா, இன்னைக்கு தண்ணிய ஒங்க பக்கம் திருப்பிக்கங்க."

"எதுக்கு? ஒனக்கு வேணாமா?"

"என்னுது ரெண்டு நாள் தாங்கும்."

தாங்குமா? தெரியாமலேதான் சொன்னேன். எனக்கும் அதே நூல் விடும் நேரம்தானே? அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் திருப்பப் போனாள்.

மார்ச் 16
பாய்ச்சினேன். மதியத்தில் லேசாகச் சுருட்டியது நிமிர்ந்துவிட்டது. தண்ணீரை விட்டுக்கொடுத்ததை இவரிடம் சொல்லவில்லை.

மே 3
அறுவடை முடிந்தது. அவளுக்கு ஏக்கருக்கு இருபத்தேழு குவிண்டால், எனக்கு இருபத்தாறு. சில கதிர்களில் நுனியில் மணியே இல்லை. தண்ணீர் தள்ளிப்போன அந்த ரெண்டு நாள்தான். கையில் வைத்துத் தடவிப் பார்த்தேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்.

களத்தில் அக்கா வந்து நின்றாள். என் குவியலைப் பார்த்தாள், அவள் குவியலைப் பார்த்தாள்.

"ஏண்டி மலரு, பாதி உரத்துக்கு இம்புட்டா?"

"ஆமாக்கா."

"அடுத்த வெள்ளாமைக்கு உரம் வைக்கிறப்ப என்னையும் கூப்புடு. நீ மட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டா ஆச்சா?"

ரெண்டு வருஷம் கழித்து என் பேரைச் சொல்கிறாள். சாக்கு பிடிக்க ஆள் இல்லாமல் நின்றேன். அவளே வந்து பிடித்தாள்.