அம்மா கையெழுத்திட்ட அறிக்கை

நெப்ராஸ்கா, ஆகஸ்ட் 1957

அன்பு மகன் வெண்டலுக்கு,

பறக்கும் தட்டைப் பார்த்ததாகச் சொன்னதை அம்மா திரும்பப் பெற வேண்டும் என்று எழுதியிருந்தாய். விமானப்படையில் உன்னைக் கேலி செய்கிறார்கள் என்பது புரிகிறது.

நேற்று உங்கள் படையிலிருந்து ஒரு கேப்டன் விசாரிக்க வந்தார். "வெள்ளி கிரகமா இருக்கும்மா" என்றார்.

"பகல் மூணு மணிக்கா? நம்ம சோளக்காட்டுக்கு மேலயா?" என்றாள் அம்மா. "என்னன்னு தெரியலைன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு அவர் அப்படியே எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"அதைப் பாக்கலை சார். இவளை முப்பது வருஷமாப் பாக்கறேன், ஒரு பொய் சொன்னதில்லை. அதையும் எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். இனி யாராவது சிரித்தால், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டது என் அம்மாதான் என்று நிமிர்ந்து சொல்.

பெருமையுடன்,
உன் அப்பா