பின்பக்கம் திறந்த ஆம்ப்

12 மார்ச் 2008, புதன்

மாத்தளைக் கடையில் ஒரே விலைக்கு இரண்டு மாடலிங் கிட்டார் ஆம்ப்கள் இருந்தன. பெரியது பத்து ஆம்ப்களின் குரலில் பேசியது. ஆனால் முழுக்க மூடிய பெட்டி. சிறியதில் ஒலி மெலிது, பின்பக்கம் திறந்திருந்தது. சிறியதை எடுத்தேன்.

"வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் பெரிசுதானே தம்பி நல்லம்?" என்றார் கடைக்கார நானா.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்ததும் தெரியணும் நானா."

அவர் சிரிக்கவில்லை. போன மாதம் சோதனைச் சாவடியில் என் பழைய ஆம்ப்பைக் கழற்றி, வயர்களைக் கண்டு, நாலு மணி நேரம் உட்காரவைத்தார்கள்.

இன்றும் அதே சாவடியில் இரத்தோட்டை பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆமிக்காரன் ஆம்ப்பின் முதுகுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னான். பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடம் வவுனியா, சண்டை நடக்கும் வடக்கு. என்னை மட்டும் இறக்கினான். பஸ் ஆம்ப்போடு போய்விட்டது.

இருட்டிய பிறகுதான் விட்டார்கள். நடந்து வந்தேன். கண்டக்டர் ஆம்ப்பை எங்கள் ஊர்ச் சந்தித் தேநீர்க்கடையில் இறக்கியிருந்தார்.

"பெட்டி நேரத்துக்கே வந்துருச்சுங்க தம்பி. நீங்கதான் லேட்டு" என்றார் தேநீர்க்கடைக்காரர்.

சனிக்கிழமை வஹகோட்டையில் கல்யாண வாசிப்பு. அதே சாவடி. ஆம்ப்பைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிடலாம். என்னை எப்படித் திறந்து காட்டுவது?