காய்ச்சல்னு சொல்லலை

என்னங்க,

உங்க கடிதம் கிடைச்சது. "வந்து கூட்டிட்டுப் போ, இனிமே தொடவே மாட்டேன்"னு எழுதியிருந்தீங்க. நாலு தடவை படிச்சேன்.

நேத்து உங்க அச்சக முதலாளி வீட்டுக்கே வந்துட்டார். "இன்னுமா காய்ச்சல் விடலை?"ன்னு கேட்டார். கல்யாணமான இந்த ரெண்டு வருஷத்துல உங்களுக்கு எத்தனை காய்ச்சல் வரவழைச்சிருப்பேன்! நேத்து பொய் சொல்ல வாய் வரலை. "குடியை நிறுத்தணும்னு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்"னு சொல்லிட்டேன். அவர் "முழுசா குணமானதும் வரச் சொல்லும்மா. அவன் மிஷின் அப்படியேதான் இருக்கு"ன்னார்.

அவர் போனதும் கதவைச் சாத்திட்டு அழுதேன். பிறகு நல்லா பசிச்சுது, வயிறாரச் சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். பார்க்கத்தான் வர்றேன், கூட்டிட்டு வர இல்லை. டாக்டர் சொன்ன நாள் முடியட்டும். கோவத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்.

உங்க
வாயாடி