நிலாத் தளத்தைப் பிரிப்பது

2 ஜூலை 1984, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். சாரல் விட்டு விட்டு.

மில் ஆபீஸ் முடிந்து நேரே பஸ் ஸ்டாண்டு. மதுரை வண்டி கண்டக்டர் பெரிய அட்டைப்பெட்டியை என் கையில் திணித்தார். "சாய்க்காத, கவுத்தாதன்னு சொல்லி ஏத்திவிட்டாக சார். இத மடியில வச்சுக்கிட்டு டிக்கெட்டுக் கிழிக்க முடியுமா?" மன்னிப்புக் கேட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் திறந்தால், பொம்மை நிலாத் தளம். முழுசாகக் கட்டியபடியே! எங்கள் பத்திரிகைக் குழுவின் மதுரை உறுப்பினரின் சீட்டு உள்ளே: 'நிற்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும் என்று அப்படியே அனுப்புகிறேன். பிரிப்பது உங்கள் பாடு.' நல்ல மனுஷன்.

'விண்கட்டை'க்கு மதிப்புரை எழுத வேண்டியது. மெட்ராஸில் பரமசிவம் சார் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் உருட்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அனுப்பும் பத்திரிகை. வெளிநாட்டு பிளாஸ்டிக் கட்டைகளில் ராக்கெட்டும் நிலா வண்டியும் கட்டுகிற எங்களைப் போன்ற கிறுக்கர்கள் சிலருக்கு மட்டும். இந்தக் கட்டைகள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. யாருக்காவது கப்பலில் தம்பி, யாருக்காவது சிங்கப்பூரில் மச்சான். ஒரு பெட்டி வந்தால் வீடு வீடாகச் சுற்றும். டைப் அடிக்கத் தெரிந்த பாவத்துக்கு மதிப்புரை என் தலையில். இந்தப் பெட்டியின் சொந்தக்காரர் மறுபடி கப்பலேறுகிறாராம். 20ஆம் தேதிக்குள் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும், தனித்தனியாகப் பிரித்து, அதன் பெட்டியில் அடுக்கி.

சரசு பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிசா? எங்கன வைக்கிறது?" தையல் மிஷின் மேல் வைத்தோம். மிஷின் மிதிக்கக் கூடாது என்று அவளுக்கு டாக்டரம்மா உத்தரவு. ஏழாம் மாதம்.

3 ஜூலை, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. அரிசி, மண்ணெண்ணெய், சைக்கிள் பஞ்சர்.

மதிப்புரைக்குக் குறிப்பு:

அடித்தட்டு சாம்பல் நிறம், குழியும் மேடுமாக. வேலைப்பாடு பிரமாதம்.
மஞ்சள் கண்ணாடி ஜன்னல்கள். ஒன்றில் கீறல். மதுரைக்காரரா, அதற்கு முன்னாலேயா?
ரேடார் கிண்ணம் சுற்றும். நம் ஊர்க் காற்றில் தொடாமலே சுற்றுகிறது.
வீரர்கள் இருவர். ஒருவர் சிவப்பு, ஒருவர் வெள்ளை. மூச்சுக் காற்று இல்லாத இடத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.
கதவு ஒன்றே ஒன்று. திறந்தால் உள்ளே இருக்கிற காற்று மொத்தமும் வெளியே போய்விடும். அடுத்த நிமிஷம் சிரிப்பு ஏது? காட்டமாக எழுத வேண்டும்.

மீதி எல்லாம் பிரித்தால்தான் தெரியும். பிடிமானம், விரிசல், எது இறுகிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.

8 ஜூலை, ஞாயிறு

உட்காரவில்லை.

காலையிலேயே ஓடைப்பட்டியிலிருந்து அத்தை. சரசுவின் அம்மா. கூடை நிறையத் திராட்சை. வருகிற ஞாயிறு இங்கேயே வளைகாப்பு, அன்றைக்கே சரசுவை ஓடைப்பட்டிக்கு அழைத்துப் போகிறார்களாம். ஆடி பிறக்கும் முன்னால். சரி என்றேன். வளையல் போடுவதால் என் பகுத்தறிவுக் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது.

பிறகு அத்தை தையல் மிஷினைப் பார்த்தார்கள்.

"இது என்ன மாப்ளே?"

"நிலாவுல மனுஷன் தங்குறதுக்கு வீடு அத்தே. பொம்மை. இன்னிக்குப் பிரிச்சு மெட்ராசுக்கு அனுப்பணும்."

வீடு என்று ஏன் சொன்னேன்! கூடாரம், கொட்டகை, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"பிரிக்காதீக. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல ஆம்பள வீடு கட்டவும் கூடாது, இருக்குற வீட்ட இடிக்கவும் கூடாது. தெரியாதா உங்களுக்கு?"

"பொம்மைக்குமா?"

"வாசல் இருக்கு, ஜன்னல் இருக்கு. பொம்மைன்னா உள்ள ரெண்டு பேரு எதுக்கு நிக்கிறாக?"

இரண்டு என்ற சொல் எங்கள் மூவருக்கும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும். எங்களுக்கு இரண்டு போய்விட்டன. ஒன்று மூன்றாம் மாதத்தில், அடுத்தது ஐந்தில். இது ஏழு வரை வந்திருக்கிறது.

அத்தை சரசு பக்கம் திரும்பி, "ஆத்தா, நீ குனிஞ்சு கூடையத் தூக்காத" என்றார்கள். பேச்சு மாறிற்று.

ராகு காலத்தில் தாலி கட்டியவன் நான். அன்றைக்கு அத்தை மூன்று வேளை சாப்பிடவில்லை. அந்தக் கடனுக்கு இதையாவது கேட்போம். அவர்கள் மனசுக்காக ஒரு வாரம் பொறுத்தால் ஒன்றும் குடி முழுகாது.

10 ஜூலை, செவ்வாய்

பரமசிவம் சார் கார்டு. 'முன்பு வந்த ராக்கெட்டுக்கு ஒரே வாரத்தில் எழுதி அனுப்பினீர். இதற்கு என்ன ஓய் தாமதம்? கப்பல் காத்திருக்காது.'

மேஜையில் கார்டைப் பார்த்துவிட்டு ஜெயசீலன் விசாரித்தான். ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. அப்பாவுக்குக் கடைவீதியில் இரும்புக்கடை. ஞாயிறு தவறாமல் சர்ச். அத்தை சொன்னதைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிசு.

"இதுக்கா முழிக்கிற? நான் வந்து பிரிச்சுத் தர்றேன். எங்களுக்குத்தான் அதெல்லாம் கெடையாதுல்ல. நீ தொட வேணாம், எட்ட நின்னு எழுதிக்க."

எவ்வளவு சுலபமான வழி. அத்தை சொன்ன சட்டப்படியும் தப்பில்லை.

வேண்டாம் என்றேன். போட்டோ எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கப்புறம் பார்ப்போம் என்றேன்.

"நீ எப்பய்யா போட்டோ எடுத்த?" என்றான் ஜெ.

பில் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். நாலு பிழை. மேனேஜர் கூப்பிட்டுக் காட்டினார்.

11 ஜூலை, புதன்

சாரல் இல்லை. வெறும் காற்று, புழுதி.

சரசு எதிர்வீட்டம்மாவோடு டாக்டரிடம் போயிருந்தாள். நான் சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டில் நான் மட்டும். பிரித்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரேடாரிலிருந்து தொடங்குவதுதான் முறை. கிண்ணத்தில் கை வைத்தேன். எடுக்க முடியவில்லை. இறுக்கம் ஒன்றும் இல்லை. என்னால்தான் முடியவில்லை.

இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகை. அந்த ராக்கெட்டை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே பிரித்தேன். அன்று ராத்திரியே சரசுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஐந்தாம் மாதம். டாக்சி கிடைக்க நேரமாயிற்று. ராக்கெட் கட்டைகள் தரையில் கிடந்தபடி கிடந்தன. திரும்பி வந்து நான்தான் பொறுக்கினேன்.

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரியும். யாராவது இப்படிச் சொன்னால் ஒரு மணி நேரம் நின்று வாதாடுவேன். ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை என் மனசு விடமாட்டேன் என்கிறது. ராக்கெட்டுக்கு வாசல் இருந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை யோசித்துப் பார்த்தேன். இருந்தது. சின்னதாக.

அத்தை மனசுக்காக என்று எழுதியது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்களாம். இரும்புச்சத்து மாத்திரை மாற்றம்.

13 ஜூலை, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். பிரிக்கவே வேண்டாம். திங்கட்கிழமை லீவு போட்டு, இப்படியே மெட்ராஸுக்குக் கொண்டு போய் பரமசிவம் சார் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவது. மதுரை வரை பஸ், அப்புறம் ரயில். மடியிலேயே. பிடிமானம், விரிசல் இரண்டையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

லீவு லெட்டரில் 'உறவினர் வீட்டு விசேஷம்'. மேனேஜர் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை. உண்மையை ஜெ.விடம் மட்டும் சொன்னேன்.

டீக்கடையில் இரண்டு பேர்: "ஆடி பொறக்கட்டும், இந்தக் காத்து ஆளையே தூக்கிரும்." "இப்ப மட்டும் என்ன, எங்கன பார்த்தாலும் கூர ஓட்ட ஒடச்சுப் போட்டுருக்கு."

சாயங்காலம் ஜெ. வீட்டுக்கு வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரசுவிடம் உளறிவிட்டுப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் சரசு:

"மெட்ராசு வரைக்கும் மடியில வச்சுக்கிட்டுப் போகப் போறீகளாமே?"

"அத்தைதான் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாகல்ல. அவுக மனசு நோகக் கூடாது."

"எங்கம்மா ஆயிரம் சொல்லுவாக. இத்தன வருசத்துல எத நீங்க கேட்டிருக்கீக?"

பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசம் வாயில் வைக்க முடியாத காரம்.

14 ஜூலை, சனி

அரை நாள் ஆபீஸ். கறிவேப்பிலை, வெற்றிலை, நாளைக்குப் பந்திக்கு இலைக்கட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தேன்.

கூடத்தில் பாய் விரித்து சரசு உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் தரையில் நிலாத் தளம். ரேடார் இல்லை. கூரை இல்லை. ஒரு பக்கச் சுவர் பாதி இல்லை. பக்கத்தில் முறம், அதில் வெள்ளை தனியே, மஞ்சள் தனியே.

இலைக்கட்டைப் போட்டுவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்தது தெரியும்.

"அம்மா சொன்னது ஆம்பளைக்கு. என்னைய ஒண்ணும் சொல்லல" என்று அடுத்த கட்டையைக் கழற்றி முறத்தில் போட்டாள். டக்கென்று சத்தம்.

"வச்சிரு சரசு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்."

"புதன்கிழமை நான் டாக்டர்ட்ட இருந்து வந்தப்ப நீங்க இதுமேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீக. வாசல்ல நின்னு பார்த்தேன். அப்பத்தான் வெளங்குச்சு. ராக்கெட்டப் பிரிச்சதாலதான் அது போச்சுன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கீக. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னேனா, தலையை ஆட்டினேனா, நினைவில்லை.

"அன்னிக்கு மத்தியானமே வலி ஆரம்பிச்சிருச்சுங்க."

கையில் இருந்த மஞ்சள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க ஆபீஸ்ல இருந்தீக. வந்து காபி குடிச்சீக. ராக்கெட்ட எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தது வெளக்கு வச்ச பெறகு. நான் அடுப்படியில நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு முன்னாடியே எல்லாம் ஆரம்பிச்சாச்சு."

மத்தியானம். சாயங்காலம். ராக்கெட்டுக்கு முன்னால் இது. ஒரு டைப்பிஸ்டுக்கு வரிசை புரிய இவ்வளவு நேரமா? மூன்று முறை அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"வாயால சொன்னா நெசமாயிரும்னு இருந்துச்சு. பேசாம இருந்தா நின்னுரும்னு நெனச்சேன்."

"அப்புறமாவது?"

"எப்படிச் சொல்லுவேன்? மத்தியானமே ஆசுபத்திரிக்குப் போயிருந்தா புள்ள தக்கியிருக்கும்னு நீங்க நெனப்பீகல்ல. நானே அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். தெனமும்."

அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு. அந்தக் கார்த்திகையில்கூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அந்த ராத்திரி டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, குழந்தை உள்ளேயே சில நாள் முன்னாடி போயிருக்கிறது, எந்நேரம் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். என் தப்பை நான் முடிவு கட்டி வைத்திருந்தேன், வேறு எதுவும் காதில் ஏறவில்லை. அதை இப்போது அவளுக்குச் சொன்னேன், டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தைகளில், எனக்கு நினைவிருந்தவரை.

சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சில நாளைக்கு முந்தியேன்னா சொன்னாக?"

"ஆமா."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

முறத்தை எங்கள் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த சுவரை நான் பிரித்தேன்.