ராசாமேட்டு வேலி

லா சப்பல், பாரீஸ்
9 மார்ச் 1986

அன்புள்ள மகன் அந்துவானுக்கு,

ஆண்டவர் உன்னையும் மருமகள் ஆலீசையும் நலமாக வைத்திருக்கட்டும். எனக்கு முழங்காலைத் தவிர குறையில்லை. வீட்டுக்கு நேரே மெட்ரோ பாலத்தின் மேல் ஓடும்போது மேசை ஆடுகிறது. எழுத்து கோணியிருந்தால் அதனால்தான், கை நடுக்கம் இல்லை. உன் கடிதத்தில் தேதி இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் அப்படி எழுதினால் திருப்பி எழுதச் சொல்வார்கள்.

நீ பொன்னாடையோடு நிற்கும் புகைப்படம் கிடைத்தது. உன் முயற்சியால் ராசாமேட்டை அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது நல்ல காரியம். அங்கிருந்த கல்வட்டங்களை உடைத்து லாரியில் ஏற்றியவர்களை உன் பப்பா தடுத்தபோது ஊரில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. ராசாவும் ராணியும் உள்ளே அடுத்தடுத்த முதுமக்கள் தாழியில் இருக்கிறார்கள், இனி அங்கே யாரும் மண்வெட்டி போட முடியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய்.

மேட்டுச் சரிவில் இருக்கும் நம் குடும்பக் கல்லறையும் வேலிக்குள் போய்விட்டதை மட்டும் எழுதவில்லை. விடுமுறைக்கு ஊர் போய்வந்த என் தங்கை மகள் ஜெனவியேவ்தான் சொன்னாள்.

மற்றதையும் சொன்னாள். இங்கே தனக்கென்று இடம் விட்டு வைத்தவர் யாராவது உயிரோடு இருந்தால் சொல்லுங்கள், இந்த மூலையை ஒதுக்கிவிட்டு வேலி போடுகிறோம் என்று அளக்க வந்த அதிகாரி கேட்டாராம். பப்பாவின் கல்லில் என் பெயரும் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு, என் பெயருக்குக் கீழே இறந்த ஆண்டை மட்டும் வெட்டாமல் வைத்தோம். பாசி படர்ந்த கல்லைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருமே உள்ளேதான் போலிருக்கிறது என்றாராம் அவர். நீ பக்கத்தில் நின்றாய். வாய் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று ஜெனவியேவ் கேட்டதற்கு, பாரீசிலிருந்து பெட்டியைக் கொண்டுவருவது லேசான காரியமா, அங்கேயே நல்ல கல்லறைகள் இல்லையா என்றாயாம். இருக்கின்றன. குழிக்குக் கட்டிய வாடகைத் தவணை முடிந்ததும் எலும்பை அள்ளி ஓரிடத்தில் போட்டுவிட்டு, குழியை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். ராசாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதானே உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்?

வீட்டு விஷயத்தை நான் வெளியே பேசுவதில்லை. ஆனாலும் அகதியாக வந்திருக்கும் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் பூரணியிடம் வாய்விட்டுவிட்டேன். சிரித்துவிட்டாள். அன்ரி, நாங்கள் செத்துப்போகேல்லை எண்டு காட்டத்தான் இஞ்சை ஒவ்வொரு கந்தோராய் வரிசையில நிக்கிறம், உங்களை உங்கட மகனே செத்த ஆக்களோட சேர்த்துப்போட்டாரே என்றாள். கந்தோர் என்றால் அவர்கள் பேச்சில் அலுவலகம். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

புதுச்சேரியில் இருந்தவரை, பப்பாவின் பென்ஷனுக்காக நான் உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் பிரெஞ்சுத் தூதரகத்து கோன்சுலா அலுவலகத்துக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? என் கையைப் பிடித்து ஜன்னலருகே நிறுத்தி, இதோ எங்கள் மம்மா என்று நீதான் சொல்வாய். அப்போது உனக்கு நல்ல கணீர்க் குரல்.

வேலி இன்னும் கம்பியாகத்தான் இருக்கிறதாம், சுவர் எழுப்பவில்லை. அந்த அதிகாரியிடம் போ. பொன்னாடை வேண்டாம், சட்டை போதும். எங்கள் மம்மா உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு முறை சொல்.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர். உயிரோடு இருப்பவள் அனுப்புவது, வாங்கிக்கொள்.

உன் மம்மா,
மர்கரீத் அருட்பிரகாசம்