கரிச்சிக்குப் பயம் தெளியவே இல்லை, அண்ணா

கொள்ளேகாலத்திலிருந்து மைசூர் வரைக்கும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்த அண்ணாவுக்கு,

எனக்கு எழுதத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் வள்ளி எழுதுகிறாள். வருகிற மகாளய அமாவாசையன்று உங்களுக்கு இலை போட்டு, காக்கைக்குச் சோறு வைப்பதற்கு முன்னால், லாயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதை அவளே படிக்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதுதான் பேசுவார்கள். நான் கோபமாகத்தான் பேசப்போகிறேன். நீங்கள் போய் இரண்டு வருசம் ஆகிறது. இந்தக் கோபம் அதற்கும் முந்தியது.

நேற்றுச் சாயங்காலம் தசராவுக்காக யானை குதிரைகளைப் பழக்கப் பீரங்கி வெடித்தார்கள். செவலையை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு நம் வீட்டுக்கு வந்த நாய். முதல் வெடிக்கே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நுழைந்து, அங்கேயே மூத்திரம் விட்டு, வெளியே வரமாட்டேன் என்று கிடந்தது. உங்கள் மாப்பிள்ளை நஞ்சப்பன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கு மாமா முறைதான் சரி. மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயி, பீரங்கிக்குப் பக்கத்துல முளையடிச்சுக் கட்டிப்போட்டா நாலு வெடியில அடங்கிரும்."

கேட்டீர்களா? மாமா முறை. உங்கள் பேரில் ஒரு முறையே நடந்துகொண்டிருக்கிறது. போன வருசத்துக்கு முந்தின வருசம் நம் வரிசையில் ஒரு நாய் கட்டிய இடத்திலேயே கழுத்து இறுகிச் செத்தது. போன வருசம் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, இன்றுவரை வரவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் சொன்னது ஒன்றே: "உங்க அண்ணன் செஞ்சப்ப தெளிஞ்சுதே."

எங்கே தெளிந்தது?

கரிச்சி உங்கள் செல்ல நாய். வெடிச் சத்தம் கேட்டால் உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் வந்து ஒடுங்கும். ஒருநாள் தலைமைச் சேவகர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, வீட்டு நாயையே தைரியப்படுத்தத் தெரியலை, நீ சர்க்கார் குதிரையை எப்படிப் பழக்கறே?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், அவரே சிரித்துவிட்டுப் போய்விட்டார். உங்களுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குதிரையைப் பீரங்கிக்குப் பழக்க உங்களைப் போல ஆள் கிடையாது. புதுக் குட்டியை முதல் நாள் எவ்வளவோ தூரத்தில் நிறுத்துவீர்கள். வெடி அங்கே கதவு சாத்துகிற சத்தம் மாதிரிதான் கேட்கும். இரண்டு பக்கமும் சத்தத்துக்குப் பழகின கிழக் குதிரைகள். வெடிக்கிற நேரத்தில் அதன் வாயில் கொள்ளு இருக்க வேண்டும். பத்து நாள் கழித்துப் பத்தடி முன்னால். காது பின்னால் மடங்கினால் மறுபடி பழைய இடத்துக்கே. இப்படி மூன்று மாதம். குதிரைக்கு மூன்று மாதம் பொறுத்த மனிதர் நாய்க்கு ஒரு சாயங்காலம் பொறுக்கவில்லை. ஏன் அண்ணா? குதிரை சர்க்காருடையது, நாய் உங்களுடையது, அதனாலா?

தலைமைச் சேவகரின் அந்த ஒரு பேச்சுக்காகக் கரிச்சியை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பீரங்கிக்குப் பக்கத்தில் முளையில் கட்டினீர்கள். முதல் ஆறு வெடிக்குக் கத்தியது, இழுத்தது, கயிற்றைக் கடித்தது. ஏழாவது வெடிக்குப் படுத்தது. அதன் பிறகு அசையவில்லை. "பார்த்தியாடா, அடங்கிட்டா" என்றீர்கள். வெடிக்குத் தலையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கிற குதிரை தேறின குதிரை, அது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணாலேயே நாயையும் பார்த்துவிட்டோம். குதிரைக்காரன்தான் இப்படித் தப்புப் பண்ணுவான். கரிச்சி தேறவில்லை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு படுத்துவிட்டது.

அப்புறம் அது உங்கள் கையால் ஒரு வாய் வாங்கித் தின்றதா? சாமுண்டி மலைப் பக்கம் இடி இடித்தால் நின்ற இடத்திலேயே துணி மாதிரி விழும். ஒரு கல்யாண ஊர்வலத்தில் பட்டாசு வெடித்தபோது நடுத்தெருவில் அப்படித்தான் விழுந்தது. பின்னால் வந்த ஜட்கா ஏறிவிட்டது. ஓடுகிற நாயாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

வள்ளி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "சித்தப்பா, அப்பா அன்னைக்கு மாட்டுக்கொட்டாய்ல உக்காந்து அழுதாரு. அதையும் எழுதட்டுமா?"

எழுது. அழுதீர்கள் அண்ணா, நானும் பார்த்தேன். ஆனால் அடுத்த தசராவுக்கு ஒருவர் வந்து, உங்கள் நாயை எப்படித் தெளிய வைத்தீர்கள் என்று கேட்டபோது தலையை நிமிர்த்திக்கொண்டு வழி சொன்னீர்களே. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாயும் இன்றைக்கு இருந்திருக்கும்.

இன்றைக்கு மறுபடி வெடித்தார்கள். வெடிக்கு முன்னாலேயே செவலையை உள்ளறைக்குக் கூட்டிப்போய், சன்னலைச் சாக்கால் அடைத்து, திரிகையில் ராகி போட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். வள்ளி மாவு திரிக்கும்போதெல்லாம் அந்த நாய் பக்கத்தில் படுத்துத் தூங்கும், அதனால்தான். முதல் வெடிக்கு என் வேட்டியைக் கிழித்தது. நான் அதட்டவில்லை, கையையும் நிறுத்தவில்லை. நாலாவது வெடிக்கு என் பாதத்தில் தாடையை வைத்தது. கடைசி வெடிக்குப் பின்னங்கால் மட்டும்தான் நடுங்கியது. கையிலிருந்து ஒரு களியுருண்டை வாங்கித் தின்றது.

வாசலில் நஞ்சப்பன் நின்றுகொண்டிருந்தார். "ஆம்பளை உக்காந்து ராகி திரிக்கறாருன்னு வரிசையே சிரிக்குது மாமா."

"சிரிக்கட்டும்," என்றாள் வள்ளி. "ஒரு வாரத்துக்கு எனக்கு மாவு ஆச்சு."

தூரத்துச் சத்தம், பக்கத்தில் ஒரு துணை, வாயில் தீனி. இதுதான் அண்ணா உங்கள் முறை. குதிரைக்கு நீங்கள் செய்தது. அதை மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். "அமாவாசை போகட்டும், பார்க்கலாம்" என்கிறார். முளையைச் செதுக்கித் தயாராக வைத்திருக்கிறார். என் பேச்சு அவரிடம் எடுபடாது. உங்கள் பேச்சுத்தான் எடுபடும். அதனால்தான் நீங்கள் செய்தது தப்பு என்பதை உங்கள் இலைக்கு முன்னாலேயே எல்லோரும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் தப்பையும் கேட்கட்டும். நீங்கள் முடிச்சுப் போடும்போது கரிச்சியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். மூன்றாவது வெடியிலேயே அவிழ்த்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

இந்தத் தசராவுக்கு நான் ஊர்வலம் பார்க்கப் போவதில்லை, வாணவேடிக்கையும் பார்க்கப் போவதில்லை. உள்ளறையில் செவலையோடு உட்கார்ந்திருப்பேன். யார் வீட்டு நாய் பயந்தாலும் அங்கே கொண்டுவந்து விடலாம். இதைப் படித்து முடித்ததும் வள்ளி காக்கைக்குச் சோறு வைப்பாள். காக்கை வராவிட்டால் உங்களுக்குக் கோபம் என்று சொல்வார்கள். இருக்கட்டும், எனக்கும்தான் கோபம். அது வந்தாலும் வராவிட்டாலும் செவலையை அந்த மைதானத்துக்கு விடமாட்டேன்.

உங்களை இதுவரை ஒரு சொல் எதிர்த்துப் பேசாத தம்பி,
சின்னான்